சொந்தக் காசில் ஒரு நாடுகடத்தல்



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்டது பனாபா என்ற தீவின் மக்களைப் பற்றி. சாதாரண உலக வரைபடத்தில் தேடினால் ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. பசிபிக் பெருங்கடலின் நடுவே, பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே, நவூரு தீவிலிருந்து கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பரப்பு 6 சதுர கிலோமீட்டர். காலையில் நடக்க ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் கரையோரமாக ஒரு சுற்று வந்துவிடலாம். வெள்ளைக்காரர்கள் இதற்கு ஓஷன் ஐலண்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள். பனாபர்களில் பெரும்பாலோர் இன்று அங்கே இல்லை. 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், ஃபிஜி நாட்டைச் சேர்ந்த ரம்பி என்ற தீவில் இருக்கிறார்கள். 1945 டிசம்பர் 15 அன்று அவர்களுடைய முன்னோர் அங்கே கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள்.

கட்டாய இடப்பெயர்வு என்றதும் துப்பாக்கியும் லாரியும் அழுகுரலும்தான் நம் கண்முன் வரும். பனாபாவிலும் துப்பாக்கி வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானியர். ஆனால் அந்த மக்களை ஊரைவிட்டு நிரந்தரமாகப் பெயர்த்தது காகிதம். ஏறக்குறைய 80 ஆண்டுகள், ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் ஒரு காகிதத்தை நீட்டி, இதில் ஒப்பமிடுங்கள் என்றார். பறித்ததையெல்லாம் அவர்களே மனமுவந்து கொடுத்ததாக அந்தக் காகிதங்கள் எழுதிவைத்தன. பனாபர்கள் பட்ட பாட்டில் ஒரு பாதி கூடாரத்திலும் மழையிலும் பட்டது. மறுபாதி, 'நீங்கள் சம்மதித்துத்தானே வந்தீர்கள்' என்று பிற்பாடு கேட்டவர்களிடம் பட்டது. அந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால், அவர்கள் எதை இழந்தார்கள் என்று தெரிய வேண்டும்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். பனாபாவில் ஆறு கிடையாது, ஓடை கிடையாது, குளம் குட்டை எதுவும் கிடையாது. கடலிலிருந்து எழும்பி நிற்கும் பவளப் பாறைதான் தீவு. பெய்த மழை பாறை இடுக்குகளில் இறங்கி, அடியில் இருக்கும் குகைகளில் சொட்டுச் சொட்டாகத் தேங்கும். அந்தக் குகைகளுக்கு பங்கபங்கா என்று பெயர். அவற்றுக்குள் பெண்கள் மட்டுமே இறங்குவார்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லை. கையில் வெளிச்சம், கூடவே தேங்காய்ச் சிரட்டைகள். நிமிர முடியாத இடத்தில் ஊர்ந்து போக வேண்டும். எந்தக் குகைக்கு எந்த வழி, எங்கே இன்னும் நீர் மிச்சம் இருக்கும், மழை பொய்த்த மாதத்தில் ஆளுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதெல்லாம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும் அறிவு. 1870-களில் வந்த பெரும் வறட்சியில் தீவில் பெரும்பாலோர் மாண்டார்கள். பலர் வந்த கப்பல்களில் ஏறிப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களைக் காத்தது இந்தக் குகைகள். அப்படி மீண்டுவந்த ஜனத்தொகை 1900-இல் சுமார் 450.

நிலம் மகனுக்கும் உண்டு, மகளுக்கும் உண்டு. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பெயர் இருந்தது. தென்னை, தாழை, நாட்டு வாதுமை, மாமரம், கரையோர மீன் ஆகியவற்றை வைத்து வாழ்க்கை ஓடியது. கடலுக்கு மேலே வெகு உயரத்தில் வட்டமிடும் பெரிய பறவை ஒன்றைக் கண்ணி வீசிப் பிடித்துப் பழக்குவது ஆண்களின் பெருமைக்குரிய விளையாட்டு. சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. வறட்சி வந்தால் பாதி ஊர் செத்துப்போகும் இடத்தைச் சொர்க்கம் என்று சொன்னால் அங்கே குகைக்குள் ஊர்ந்த பெண்கள் சிரிப்பார்கள். அந்த இடத்தில் எப்படிப் பிழைப்பது என்று அவர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்கிறேன்.

இனி கல்லின் கதை. சிட்னி நகரில் பசிபிக் ஐலண்ட்ஸ் கம்பெனி என்று ஒரு வணிக நிறுவனம். அதன் அலுவலகத்தில் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். யாரோ நவூருவிலிருந்து கொண்டுவந்த கல். 1899-இல் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற இளம் ஊழியருக்கு அதன்மேல் சந்தேகம் வந்தது. சோதித்துப் பார்த்தால் உயர்தரமான பாஸ்பேட். ஆஸ்திரேலிய மண்ணுக்கும் நியூசிலாந்து மண்ணுக்கும் இல்லாத சத்து அதுதான். நவூருவில் இருந்தால் பக்கத்துத் தீவான பனாபாவிலும் இருக்கும் என்று எல்லிஸ் கணக்குப் போட்டார். கணக்கு சரியாக இருந்தது.

1900 மே 3 அன்று அவர் பனாபாவில் இறங்கினார். அன்றைக்கே ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது. 999 ஆண்டுகளுக்குத் தீவின் பாஸ்பேட்டைத் தோண்டிக்கொள்ளும் உரிமை. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 50 பவுன், அல்லது அந்த மதிப்புக்குக் கம்பெனிக் கடைச் சாமான். 999 என்பது ஆங்கிலேயர் குத்தகை வழக்கம் என்று சொல்வார்கள். இருக்கலாம், ஆயிரம் என்று எழுத ஏதோ கூச்சம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒப்பமிட்டவரைத் தீவின் அரசர் என்று காகிதத்தில் குறித்துக்கொண்டார்கள். எல்லாருடைய நிலத்தையும் குத்தகைக்கு விடும் உரிமை பெற்ற அரசர் என்று ஒருவர் பனாபாவில் இருந்ததே இல்லை. முதல் காகிதம் இது. அடுத்த ஆண்டே பிரிட்டன் தீவைத் தன் பேரரசோடு சேர்த்துக்கொண்டது.

பனாபர்கள் ஏமாளிகளாகவே இருந்துவிடவில்லை. தோண்டிய இடத்தில் ஒன்றும் முளைக்காது என்பது சில ஆண்டுகளில் புரிந்தது. பாஸ்பேட் படிவம் பவளப் பாறைக் கூம்புகளுக்கு நடுவே மாவு அடைத்ததுபோல நிறைந்திருக்கும். குந்தாலியும் மண்வெட்டியும் கொண்டு அதைச் சுரண்டி எடுத்துவிட்டால், ஆளுயரத்தைப் போலப் பல மடங்கு உயரமான வெள்ளைக் கூம்புகள் மட்டும் நெருக்கமாக நிற்கும். நடக்கவும் முடியாது, நடவும் முடியாது. நிலம் தர மறுத்தார்கள். 1913-இல் புதிய ஒப்பந்தம் வந்தது. ஒவ்வொரு டன்னுக்கும் சிறிது உரிமைத்தொகை பனாபர் நிதியில் சேரும். தோண்டி முடித்த நிலத்தில் தென்னையும் மற்ற பயன்மரங்களும் கம்பெனியே திரும்ப நட்டுக் கொடுக்கும். இந்தக் கடைசி வாக்குறுதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 60 ஆண்டு கழித்து லண்டன் நீதிமன்றத்தில் இதைத் திரும்பச் சந்திப்போம்.

1920-இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் சேர்ந்து கம்பெனியை விலைக்கு வாங்கி, பிரிட்டிஷ் பாஸ்பேட் ஆணையம் என்று ஒன்றை அமைத்தன. லாபம் இதன் நோக்கமே அன்று. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விவசாயிகளுக்கு அடக்க விலையில் உரம் தருவதுதான் நோக்கம். கேட்க நல்ல காரியம்போல இருக்கும். அந்த அடக்க விலைக்குள் அடங்கிப்போனது பனாபர்களின் நிலம். விலை குறைவாக இருக்க வேண்டுமானால் நிலக்காரருக்குத் தரும் தொகையும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? போதாக்குறைக்கு, நிலத்தை ஆளும் அரசும் அதைத் தோண்டும் முதலாளியும் ஒருவரே ஆகிவிட்டார்கள்.

1927-28-இல் ஆணையம் இன்னும் 150 ஏக்கர் கேட்டது. மக்கள் மறுத்தார்கள். அப்போது அங்கே ஆணையராக இருந்தவர் ஆர்தர் கிரிம்பிள். பிற்காலத்தில் பசிபிக் தீவு வாழ்க்கையைப் பற்றிச் சுவையான புத்தகம் எழுதிப் பெரும்புகழ் பெற்றவர். தீவு மக்களின் மொழியை நன்றாகப் பேசத் தெரிந்தவர். 1928 ஆகஸ்டில் புவாகோனிகாய் கிராமத்தாருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். சாரம் இது: ஒப்பமிட்டால் பணம் கிடைக்கும். ஒப்பமிடாவிட்டாலும் நிலம் கட்டாயமாகப் போய்விடும். எல்லாரும் ஒப்பமிட்டுவிட்டால், பெரிய துரையை அவமானப்படுத்திய குற்றம் மன்னிக்கப்படும், தண்டனை இருக்காது. நிலத்துக்காரன் தன் நிலத்தை விற்க மறுத்தது எப்படிக் குற்றமானது என்று கடிதத்தில் விளக்கம் இல்லை. அவர்கள் அப்போதும் ஒப்பமிடவில்லை. கட்டாயக் கையகச் சட்டம் அந்த ஆண்டே வந்துவிட்டது. நிலமும் பின்னர் போனது. மொத்த வரலாற்றிலும் காகிதம் தோற்ற ஒரே இடம் இதுதான். அதனால்தான் முகமூடி கழன்றது.

போர்க்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1942 ஆகஸ்டில் ஜப்பானியப் படை தீவைப் பிடித்தது. சுரங்க அதிகாரிகளும் தொழிலாளர் பலரும் அதற்கு முன்பே கப்பலேறிவிட்டார்கள். தீவின் மக்களை யாரும் ஏற்றவில்லை. பட்டினி, தலைவெட்டு எல்லாம் நடந்தன. 1943-இல் ஜப்பானியர் பனாபர்களை நவூரு, தராவா, கொஸ்ரே தீவுகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். வேலைக்காக நிறுத்திவைத்த சுமார் 150 பேரை, ஜப்பான் சரணடைந்த செய்தி வந்த பிறகு, 1945 ஆகஸ்டில் கொன்றுபோட்டார்கள். தப்பிய ஒரே ஆள் கபுனாரே. செத்ததுபோல் கிடந்து, பிறகு மறைந்து வாழ்ந்து, போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொன்னார்.

இப்போது ரம்பிக்கு வருவோம். பனாபா சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது போருக்கு முன்பே அதிகாரிகளுக்குத் தெரியும். மக்களுக்கும் தெரியும். ஒரு இரண்டாவது தீவை வாங்கிவைத்துக்கொள்வோம் என்ற எண்ணம் பனாபர்களிடமே இருந்தது. ஃபிஜியில் வகாயா என்ற தீவின்மேல் அவர்களுக்கு ஒரு கண் இருந்தது. அதிகாரிகள் ரம்பியைப் பார்த்தார்கள். அது லீவர் நிறுவனத்தின் கொப்பரைத் தோட்டம். ஆமாம், சன்லைட் சோப்பின் அதே லீவர். தேங்காய் எண்ணெயில்லாமல் சோப்பு ஏது? 1942 மார்ச்சில் 25,000 பவுன் கொடுத்து ரம்பி வாங்கப்பட்டது. வாங்கியது பனாபர்கள் சார்பில் பிரிட்டிஷ் உயர் ஆணையர். பணம் பனாபர்களின் உரிமைத்தொகையிலிருந்து சேர்த்துவைத்த நிதி. நிலத்தைத் தோண்டியதற்குக் கிடைத்த சொற்பக் காசில், அந்த நிலத்தை விட்டுப் போவதற்கான இடம் வாங்கியாயிற்று. அது கூடுதல் வீடு என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். மாற்று வீடாக்கியது போர் கொடுத்த சந்தர்ப்பம்.

1945 கடைசியில் சிதறிக் கிடந்தவர்களைத் தராவாவில் திரட்டினார்கள். உங்கள் கிராமங்களை ஜப்பானியர் தரைமட்டமாக்கிவிட்டார்கள், பனாபாவில் வாழ முடியாது, இரண்டு ஆண்டு ரம்பியில் இருந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்றார்கள். கிராமங்கள் அழிந்தது உண்மை. ஆனால் அதே சமயத்தில் பாஸ்பேட் ஆணையம் சுரங்கத்தைச் சரிசெய்து மறுபடி ஓட்டத் தயாராகிக்கொண்டிருந்தது. தோண்ட வரும் தொழிலாளர்கள் வாழ முடிந்த தீவில் அதன் சொந்தக்காரர்கள் மட்டும் வாழ முடியாதாம். கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் எவருக்கும் இது உறைத்திருக்கும். ஆனால் இரண்டு ஆண்டுக்கும் மேலாக முகாமில் கிடந்து, சொந்தங்களைப் பறிகொடுத்து வந்தவர்களுக்கு நின்று யோசிக்க ஏது தெம்பு?

ஆணையத்தின் கப்பல் ட்ரையோனா. ஏறியவர்கள் 1,003 பேர். பனாபர்கள் 703, மற்ற 300 பேர் அவர்களோடு உறவும் பழக்கமும் கொண்ட கில்பர்ட் தீவுக்காரர்கள். இறங்கியது டிசம்பர் நடுவில். ஃபிஜியில் அது சூறாவளிக் காலம். இறங்கிய இடத்தில் இருந்தவை ராணுவக் கூடாரங்கள், இரண்டு மாதத்துக்கான ரேஷன், பழைய தோட்டத்தின் சில கட்டடங்கள். வெயிலிலும் வறட்சியிலும் பழகிய உடம்புகள் இடைவிடாத மழையில், ஈரத் தரையில், ஈரப் பாயில் படுத்தன. முகாம்களிலிருந்து வந்தவர்களிடம் சதையும் இல்லை, சக்தியும் இல்லை. நிமோனியா வந்தது. முதல் மாதங்களிலேயே சுமார் 40 பேர் இறந்தார்கள். முதியவர்களும் கைக்குழந்தைகளும்தான் அதிகம்.

ரம்பி பனாபாவைப் போலப் பத்து மடங்குக்கு மேல் பெரியது. மலை, காடு, ஓடும் ஆறு எல்லாம் உண்டு. காகிதத்தில் பார்த்தால் லாபகரமான மாற்று. பின்னாளில் லண்டனில் பலரும் அப்படித்தான் பார்த்தார்கள்: வறண்ட பாறைக்குப் பதில் பச்சைத் தீவு கிடைத்திருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்? ஆனால் ஒரு குடும்பம் கூடாரத்துக்கு வெளியே நின்று பார்க்கும்போது என்ன தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் திரிந்த மாடுகளைக் கண்டு பயந்து ஓடிய கதையை அங்கே சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சேற்றில் கிழங்கு நடுவது எப்படி? எந்த மாதத்தில் எந்தக் காற்று? எந்த மீன் எங்கே கிடைக்கும்? சிரட்டையில் நீர் அளந்து பழகிய பெண்களுக்கு ஆறு பக்கத்திலேயே ஓடியது. அவர்களின் அறிவுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஊரில் அவர்களுக்கு இருந்த மரியாதையும் அந்த அறிவிலிருந்துதான் வந்தது. இந்த இழப்பை எந்த நஷ்ட ஈட்டுப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை.

இங்கே ஒரு உபகதை. ரம்பி ஆளில்லாத தீவாக எப்படி லீவர் கைக்கு வந்தது? அதன் ஆதிக் குடிகளான ஃபிஜியர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே போரிலும் நில விற்பனையிலும் இடம் இழந்து, பக்கத்துத் தாவெயூனித் தீவுக்குப் பெயர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய சந்ததியார் இன்றும் அங்கே இருக்கிறார்கள். ரம்பியைத் தங்கள் மண் என்றே நினைக்கிறார்கள். ஆக, ஒரு கூட்டம் இழந்து வெறுமையான இடத்தில் பேரரசு இன்னொரு கூட்டத்தைக் கொண்டுவந்து நிரப்பியது. ஃபிஜி என்றதும் நமக்கெல்லாம் பாரதி நினைவுக்கு வருவார். கரும்புத் தோட்டங்களுக்காகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து 1903 முதல் 1916 வரை தென்னிந்தியர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். தமிழர்கள் அதில் கணிசம். அவர்களும் ஒப்பந்தக் காகிதத்தில் கைநாட்டு வைத்தே போனார்கள். கிர்மித் என்று அவர்கள் பேச்சில் அந்தக் காகிதமே வாழ்க்கையின் பெயரானது. இரண்டு கூட்டமும் ஒரே நாட்டில் வந்து சேர்ந்தது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சொன்னபடி 1947-இல் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 85 சதவீதம் பேர் ரம்பியிலேயே இருக்கிறோம் என்றார்கள். இதை எடுத்துக்காட்டாமல் எந்த அரசாங்க அறிக்கையும் முடியாது. எதற்கும் எதற்கும் இடையில் தேர்வு நடந்தது என்பதைப் பாருங்கள். ஒரு பக்கம், இரண்டு ஆண்டு உழைத்துக் குடிசை போட்டு, கிழங்கு நட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கிய இடம். மறுபக்கம், கிராமமே இல்லாத, கம்பெனியின் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும் பாறை. பனாபாவின் நிலத்தின் மேலுள்ள உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று அவர்கள் தெளிவாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அதே 1947-இல் ஆணையம் வேறொரு காகிதத்தோடு வந்தது: மிச்சமிருக்கும் பாஸ்பேட் நிலத்தையும் தரச் சொல்லி. தீவுக்காரர்கள் பக்கத்தில் விலை பேசத் தெரிந்த ஒரு வழக்கறிஞர்கூட இல்லை. ஒப்பமிட்டார்கள். அதன் பிறகு 1979 வரை தோண்டினார்கள்.

ரம்பியில் நான்கு கிராமங்கள் அமைத்தார்கள். நான்குக்கும் பனாபாவின் நான்கு கிராமங்களின் பெயர்: உமா, தபியாங், தப்வேவா, புவாகோனிகாய். பழைய லீவர் தென்னந்தோப்பில் கொப்பரை வெட்டினார்கள். உரிமைத்தொகை ஆண்டுக்கு ஒருமுறை வந்தது; அதை நம்பியே வாழ்க்கை பழகிக்கொண்டது. 1960-களில், பாஸ்பேட்டிலிருந்து வந்த அரசாங்க வருமானத்தில் 85 பங்கு, பனாபாவும் அடங்கியிருந்த கில்பர்ட், எல்லிஸ் தீவுகளின் காலனி நிர்வாகத்துக்கும் 15 பங்கு பனாபர்களுக்கும் என்று பிரித்தார்கள். பக்கத்து நவூருவோ 1968-இல் சுதந்திர நாடாகி, தன் பாஸ்பேட்டைத் தானே விற்கத் தொடங்கியது. ஒரே கல், ஒரே ஆணையம், 300 கிலோமீட்டர் இடைவெளி. நவூரு மக்கள் தங்கள் மண்ணிலேயே இருந்தார்கள் என்பது ஒரு முக்கிய வித்தியாசம். பிற்காலத்தில் நவூரு பட்ட பாடு தனிக்கதை.

அந்தக் கல் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். மொத்தம் 2 கோடி டன்னுக்கு மேல் வெட்டியெடுத்தார்கள். அமிலம் சேர்த்து சூப்பர் பாஸ்பேட்டாக்கி வயல்களில் தூவினார்கள். நியூசிலாந்தில் 1949-லிருந்து விமானத்தில் ஏற்றி மலைச்சரிவு மேய்ச்சல் நிலங்களில் தூவினார்கள். அந்தப் புல்லைத் தின்ற ஆடுமாடுகளின் கம்பளியும் இறைச்சியும் வெண்ணெயும் லண்டனுக்குப் போயின. பனாப வம்சத்தில் வந்த ஆய்வாளர் கத்தெரினா தெயய்வா இந்தப் பயணத்தைப் பின்தொடர்ந்து ஒரு நூலே எழுதியிருக்கிறார். அவருடைய கோணத்தில் பார்த்தால் பனாபா காணாமல் போகவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பரவிக் கிடக்கிறது.

1971-இல் பனாபர்கள் லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். முன்னின்றவர் ரம்பித் தலைவர் ரோட்டன் டிட்டோ. நீதிபதி மெகாரி பொறுமைசாலி. கப்பலேறிப் பனாபாவுக்கும் ரம்பிக்கும் நேரில் போய்ப் பார்த்தார். இருநூறு நாளுக்கு மேல் நடந்த விசாரணை. 1976 நவம்பரில் தீர்ப்பு. சட்டக் கல்லூரியில் படித்தவர்கள் டிட்டோ எதிர் வாடெல் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள்.

உரிமைத்தொகை விஷயத்தில், அரசுக்கு இந்த மக்களிடம் கடமை இருந்தது உண்மை, ஆனால் அது நீதிமன்றம் அமல்படுத்தக்கூடிய சட்டக் கடமை அன்று என்றார் நீதிபதி. தவறு நடந்திருக்கிறது, சரிசெய்ய எனக்கு அதிகாரம் இல்லை, அரசு கவனிக்கட்டும் என்ற தொனியில் முடித்தார். மரம் நடும் வாக்குறுதி விஷயத்தில், வாக்கு மீறப்பட்டது என்று ஒத்துக்கொண்டார். ஆனாலும் நட்டுத்தரச் சொல்லி உத்தரவிட முடியாது என்றார். நடும் செலவைப் பணமாகக் கொடுக்கலாமா? அதற்கும் வழியில்லை. ஏக்கருக்கு ஆகும் செலவு நிலத்தின் மதிப்பைவிடப் பல மடங்கு. தவிர, இவர்கள் ரம்பியில் குடியேறிவிட்டார்கள். பணம் கொடுத்தாலும் பனாபாவில் போய் மரம் நடுவார்களா என்பது நிச்சயமில்லை. கிடைத்தது பெயரளவுக்கு ஒரு தொகை.

இந்த இடத்தை இன்னொரு தடவை பாருங்கள். நிலத்தைப் பாழாக்கினார்கள். பாழானதால் ஜனங்களைப் பெயர்த்தார்கள். பெயர்ந்துவிட்டதால், பாழானதைச் சரிசெய்யத் தேவையில்லை என்றாகிவிட்டது. மெகாரி கெட்ட எண்ணம் கொண்டவர் என்று நான் சொல்லமாட்டேன். சட்டத்தின் படிக்கட்டில் ஒவ்வொரு படியாகக் கால் வைத்துத்தான் அங்கே போய்ச் சேர்ந்தார். எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது.

1977-இல் பிபிசி இதை ஆவணப்படமாக எடுத்துக் காட்டியபோது பிரிட்டனில் கொஞ்சம் வெட்கம் பிறந்தது. மூன்று அரசுகளும் சேர்ந்து 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் கருணைத்தொகை தர முன்வந்தன. மேல்முறையீடு செய்யக்கூடாது என்பது நிபந்தனை. இன்னொரு காகிதம். பனாபர்கள் சில ஆண்டு தொடாமல் இருந்தார்கள், 1981-இல் ஏற்றுக்கொண்டார்கள். இதற்கிடையில் 1979 ஜூலையில் கில்பர்ட் தீவுகள் கிரிபாட்டி என்ற சுதந்திர நாடானபோது, எங்களைத் தனியே விடுங்கள் என்று பனாபர்கள் கேட்டார்கள். பிரிட்டன் மறுத்துப் பனாபாவைக் கிரிபாட்டியோடு சேர்த்தே கொடுத்தது. கிரிபாட்டி அரசியலமைப்பில் பனாபர்களின் நில உரிமைக்கும் வந்துபோகும் உரிமைக்கும் தனி அத்தியாயம் உண்டு. நாடாளுமன்றத்தில் ரம்பிக்கு ஓர் இடமும் உண்டு. அதே ஆண்டு பாஸ்பேட் தீர்ந்தது, கடைசிக் கப்பல் போனது, உரிமைத்தொகையும் நின்றது.

ஒரு நாட்டில் குடியிருப்பு, இன்னொரு நாட்டில் பூர்வீக நிலம். ஃபிஜியில் வாக்காளர் பட்டியலை இனவாரியாகப் பிரித்திருந்த காலத்தில், ஃபிஜியரும் அல்லாத இந்தியரும் அல்லாத 'பொது' வரிசையில் அவர்களைப் போட்டார்கள். இன்று ரம்பியில் ஏறக்குறைய 5,000 பேர். கொப்பரை, காவா எனப்படும் யங்கோனா, மீன், வெளியூர் வேலைக்குப் போன பிள்ளைகள் அனுப்பும் பணம் இவற்றில் வாழ்க்கை. சூறாவளி வந்தால் கூரை போகும். கருணைத்தொகை நிதியை நிர்வகிப்பதில் சண்டையும் சீர்கேடும் வந்தன. அதையும் மறைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு டிசம்பர் 15-ஆம் தேதியும் இறங்கிய நாளைக் கொண்டாடுகிறார்கள். அங்கே ஆடும் நாடக நடனத்தில் சுரங்கம் வெட்டுவதும் வருகிறது: மண்வெட்டியைத் தூக்குவதும் இறக்குவதும் தாளத்தோடு. துக்கமும் உண்டு; ஆனால் பார்க்க வந்தவர்கள் சிரிக்கும் இடங்களும் நிறைய உண்டு.

ஏன் திரும்பிப் போகக்கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. சுமார் 300 பேர் பனாபாவில் இருக்கத்தான் செய்கிறார்கள். நிலத்தில் ஆள் இல்லை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகவும் இருக்கிறார்கள். விமானதளம் இல்லை. தராவாவிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர். கப்பல் வரும்போதுதான் வரும். கம்பெனி விட்டுப்போன துருப்பிடித்த இயந்திரங்களுக்கும், ஆஸ்பெஸ்டாஸ் உதிரும் கட்டடங்களுக்கும் நடுவே குடியிருக்கிறார்கள். பங்கபங்காக் குகைகள் பலவும் சுரங்கத்தில் பாழாகிவிட்டன. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தை நம்பி இருக்கிறார்கள். 2020 இறுதியில் அது கெட்டுப்போனபோது குடிக்கத் தண்ணீரில்லாமல் தவித்தார்கள்.

2023-இல் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம், பாறைக் கூம்புகளுக்கிடையே மிஞ்சியிருக்கும் பாஸ்பேட்டை எடுக்க முடியுமா என்று பார்க்க வந்தது. இடிபாடுகளை அகற்றித் தருகிறோம், நிலத்தைச் சீர்செய்து தருகிறோம் என்றது. கடும் எதிர்ப்பு எழுந்தது, நிறுவனம் பின்வாங்கியது. அந்தச் சச்சரவில் எழுந்த முதல் கேள்வி பாஸ்பேட்டைப் பற்றியது அன்று. பனாபர்கள் சார்பில் ஒப்பமிட யாருக்கு உரிமை என்பதுதான் கேள்வி. ரம்பி கவுன்சிலை ஃபிஜி அரசு கலைத்துவிட்டு, பல ஆண்டுகளாகத் தன் நிர்வாகியை வைத்து நடத்திவந்தது. பனாபாவில் இருப்பவர்கள் தங்களைக் கேட்க வேண்டும் என்றார்கள். ரம்பியில் இருப்பவர்கள் நிலம் எங்கள் பெயரில் இருக்கிறது என்றார்கள். 1900-இல் எல்லிஸ் ஒரே பகலில் முடித்துவிட்ட அந்த விஷயத்தை அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசி முடிக்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

என் நேரம் முடிந்தது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.